ஹனஃபுடா: ஏப்ரல் சீட்டும் ஜூலை சீட்டும் குழம்பினால்

ஹனஃபுடா என்ற ஜப்பானியப் பூச்சீட்டுகளை வைத்து கொய்-கொய் என்ற ஜோடி சேர்க்கும் ஆட்டம் ஆடும்போது ஏப்ரல் சீட்டையும் ஜூலை சீட்டையும் மாற்றி ஜோடி சேர்த்துவிடுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். புதிதாக ஆடுபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. எண்ணே இல்லாத சீட்டு, மாதத்தைச் செடியை வைத்துத்தான் அறிய வேண்டும், என்ன செய்வது!

நிறத்தைப் பார்க்காதீர்கள், செடி போகும் திசையைப் பாருங்கள். ஏப்ரல் சீட்டில் இருப்பது ஃபுஜி (விஸ்டீரியா) என்ற பூங்கொடி. மேலிருந்து சரம் சரமாகத் தொங்கும். ஜூலை சீட்டில் ஹகி என்ற பூப்புதர். கீழிருந்து மேலே எழும்பும். சீட்டைத் தலைகீழாகப் பிடித்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அங்கேதான் ஏமாறுகிறோம். குயில் உள்ள சீட்டு ஏப்ரல், காட்டுப்பன்றி உள்ளது ஜூலை. அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து மற்றவற்றை ஒப்பிடுங்கள்.

ஆட்டத்துக்கு முன் 48 சீட்டையும் மாதத்துக்கு நான்காக 12 வரிசையில் பரப்புங்கள். நான்கைந்து முறை செய்தால் கண் பழகிவிடும். அப்போது சிவப்பும் கருப்புமாக ஒரு விநோதச் சீட்டு மிஞ்சும். அது இடி மின்னல்; நவம்பருக்குரிய வில்லோ மரச் சீட்டுகளோடு சேரும்.

1889-இல் கியோட்டோவில் தொடங்கிய நின்டெண்டோ முதலில் செய்து விற்றது இந்தச் சீட்டுகளைத்தான். விடாமல் ஆடுங்கள், அவ்வளவு அழகான ஆட்டம்.