ஏறிவிடும், இறங்குமா?

வாகனக் கேள்வி–பதில். பதில் சொல்பவர் குமுளியில் பட்டறை வைத்திருக்கும் முன்னாள் லாரி ஓட்டுநர்.

கேள்வி: மஸ்கட்டிலிருந்து திரும்பிவிட்ட என் மைத்துனர், கரூரில் பாடி கட்டுபவரிடம் சொல்லி, படுக்கையும் அடுப்படியும் வைத்த சுற்றுலா டிரெய்லர் ஒன்றைச் செய்யப்போகிறார். சாமான்களோடு 1,400 கிலோ வருமாம். எங்கள் பிக்கப் அதை இழுத்துக்கொண்டு குமுளி மலை ஏறுமா? வாகமண் போக ஆசை. — கம்பம் வாசகர்

பதில்: ஏறும். இழுவை வண்டி பற்றிக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தைத்தான் கேட்கிறார்கள். இறக்கத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஏற்றத்தில் சக்தி போதவில்லை என்றால் வண்டி திணறி நிற்கும், அவ்வளவுதான். குமுளியிலிருந்து லோயர்கேம்ப் வரைக்கும் ஏறக்குறைய 6 கி.மீ. சரிவு. அதில் 1,400 கிலோ பின்னாலிருந்து நெட்டித் தள்ளும்போது நிறுத்த முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே மைத்துனரிடம் முதலில் கேளுங்கள்: டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டா? ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கு அது கட்டாயம். "பிக்கப் பிரேக்கே போதும்" என்று சொல்லும் ஆளிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். டிரெய்லர் முன்னுக்கு வந்து கொக்கியை நெருக்கும்போது தானாகப் பிடிக்கும் பிரேக் ஒரு வகை. மின்சாரத்தில் இயங்குவது இன்னொரு வகை. அதை இயக்கும் பெட்டி ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், டிரெய்லரை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். மலைப்பாதைக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வகையில், இறக்கம் முழுக்க டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கின் உரசு பட்டையான லைனரும் விடாமல் உரசும். கருகல் வாடை வந்தால் பிடிப்பு குறையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அகலமான இடத்தில் ஒதுக்கி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

எந்த பிரேக்காக இருந்தாலும், சரிவு தொடங்கும் முன்பே, குமுளியிலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். காலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு வராதீர்கள். நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிக்கும் புத்திசாலிகளுக்கு என்னிடம் பதில் கிடையாது. சாலை குறுகும் இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலிடம். கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரம் உங்கள் சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது பாரம். மாட்டு வண்டியில் பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும், முன்பாரம் ஆனால் கழுத்தை அமுக்கும். டிரெய்லரும் அப்படித்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. உங்களுக்கு அது 140 முதல் 210 கிலோ. எடைமேடையில் டிரெய்லரைக் கழற்றி ஒரு முறை நிறுத்துங்கள். பிறகு பிக்கப்பில் மாட்டி, டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கொக்கியின் பாரம். பிக்கப் சுமக்கும் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும். கொக்கிக்கும், அது மாட்டும் உருண்டையான இரும்புக் குண்டுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றால் டிரெய்லரின் முன்தண்டு தரையில் குத்தாமல் அவற்றின் மேல் விழும். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. பதிவு இல்லாமல் சோதனைச் சாவடியில் நின்று தர்க்கம் செய்யாதீர்கள். சபரிமலை சீசனில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்த நெரிசலில் இதையும் இழுத்துக்கொண்டு வர வேண்டாம்.

கேள்வி: எங்கள் கூண்டு டிரெய்லர் கோவைச் சாலையில் 70 தாண்டினாலே வால் ஆட்டுகிறது. லாரி முந்தும்போது இன்னும் மோசம். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்கிறார் நண்பர். — வாளையார் வாசகர்

பதில்: நண்பரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆட்டம் தொடங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறைய விடுங்கள். டிரெய்லர் பிரேக்கைத் தனியாகப் பிடிக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் மெதுவாகப் பிடியுங்கள். பிக்கப் பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் உங்களை முந்தப் பார்க்கும். பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்று ஒரு காரணம் என்றாலும், பின்பாரமும் வாலை ஆட்டும்; பின்கோடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தொட்டியைக் காலி செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். டயர் காற்றையும் சோதியுங்கள்.

கேள்வி: ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் எதிர்ப்பக்கம் போகிறதே? — போடி வாசகி

பதில்: ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அம்மா. டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் கொஞ்சமாக நகர்த்துங்கள். மடங்கத் தொடங்கினால் முன்னால் இழுத்து நேராக்கிக்கொள்ளலாம். பின்னால் நின்று "வா, வா" என்று கத்துபவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.