பஸ் விபத்து இழப்பீடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பஸ் விபத்து பற்றித்தான். விபத்துத் தேதி, காயத்தின் விவரம், அரசு பஸ்ஸா தனியார் பஸ்ஸா என்று எதுவுமே எழுதாமல் "எவ்வளவு கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. விவரத்தோடு திரும்ப எழுதுங்கள்.

டிக்கெட் தொலைந்துவிட்டது. மனு போட முடியுமா?

முடியும். எஃப்.ஐ.ஆரில் காயமடைந்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏ.ஆர். காப்பியும் (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்) கையில் இருந்தால் டிக்கெட் இல்லாதது பெரிய விஷயமில்லை.

பஸ்ஸும் லாரியும் மோதிக்கொண்டன. இரண்டு டிரைவர்களும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்கிறார்கள். யார் மேல் வழக்கு?

இரண்டு வண்டியின் உரிமையாளர்களையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் சேருங்கள். உள்ளே உட்கார்ந்திருந்த பயணி மேல் தப்பு எதுவும் இல்லை. இருவர் மேலும் தப்பு இருந்தால் முழுத் தொகையையும் யாராவது ஒருவரிடமே வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல், கென்யேய் வழக்கில் சொல்லிவிட்டது. பங்கு பிரிப்பது அவர்கள் பாடு.

போலீஸ் கேஸ் என்றால் தாமதமாகும் என்று மருத்துவமனையில் சொன்னதால், மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லிச் சேர்த்துவிட்டோம். இது பாதிக்குமா?

பாதிக்கும். எத்தனை தடவை எழுதினாலும் இதே கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது, எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. ஏ.ஆர். பதிவில் இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இன்ன இடத்தில், இன்ன வண்டியில் போகும்போது அடிபட்டதாகச் சொல்கிறார் என்று ஒரே ஒரு வரி இருக்கும், பக்கத்திலேயே யார் கூட்டிவந்தார் என்றும் இருக்கும். இன்ஷூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுப்பது அந்த வரியைத்தான். கால் எலும்பு உடைந்து, பிளேட் வைத்து, லட்சக்கணக்கில் பில் கட்டியவர் அந்த ஒரு வரியால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் உடனே சிகிச்சை தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவே சொல்கிறது, அதனால் "கேஸ் வேண்டாம், விழுந்ததாகச் சொல்லுங்கள்" என்று எந்த மருத்துவமனை ஊழியர் சொன்னாலும் கேட்காதீர்கள். சரி, இப்போது என்ன செய்யலாம்? தாமதத்துக்கான காரணத்தை மறைக்காமல் எழுதிப் போலீஸில் உடனே புகார் கொடுங்கள். புகார் தாமதமானது என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. 108 ஆம்புலன்ஸில் போயிருந்தால் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். கூட வந்த பயணிகள் இரண்டு பேரையாவது சாட்சிக்குத் தயார் செய்யுங்கள்.

விபத்து நடந்து ஏழு மாதம் ஆகிறது. சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்கிறோம்.

எதற்குக் காத்திருக்கிறீர்கள்? விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்துவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடப்பது உண்மைதான், அதை நம்பி இன்னும் நாள் கடத்தாதீர்கள். இந்த வாரமே எம்.சி.ஓ.பி., அதாவது இழப்பீட்டு மனு, தாக்கல் செய்யுங்கள், பிறகு வரும் பில்களைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரில் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

டாக்டர் 40 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்திருக்கிறார். வருமானத்திலும் 40 சதவீதம் கணக்கிடுவார்களா?

அப்படியே எடுக்க மாட்டார்கள். அது காலுக்கு மட்டுமா, உடல் முழுதுக்குமா என்று முதலில் பாருங்கள். காயத்தால் உங்கள் வேலை எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதுதான் கணக்கு. அதே கால் காயம் மேசை வேலைக்காரருக்கு ஒரு மாதிரி, டிரைவருக்கு வேறு மாதிரி. உங்களுக்கு 34 வயது, சொந்தத் தொழிலில் மாதம் 18,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் சேர்த்தால் மாதம் சுமார் 25,000. வருடத்துக்கு 3 லட்சம், உங்கள் வயதுக்குப் பெருக்கெண் (வருட வருமானத்தைப் பெருக்கும் எண்) 16, ஆக 48 லட்சம். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகத் தீர்ப்பாயம் ஏற்றால் 14 லட்சத்துக்கு மேல் வரும். மருத்துவச் செலவு, வலி வேதனைக்கானது எல்லாம் தனி. ஆனால் வருமானத்துக்கு என்ன காகிதம் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே!

அம்மா வேலைக்குப் போகவில்லை. வருமான இழப்பு கேட்கலாமா?

தாராளமாக. இல்லத்தரசியின் உழைப்புக்கும் நீதிமன்றங்கள் மதிப்புப் போடுகின்றன.

பஸ் முதலாளி 25,000 கொடுத்து ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்.

போடாதீர்கள்.

அரசு பஸ். தீர்ப்பு வந்து இரண்டு வருடமாகியும் பணம் வரவில்லை.

மேல்முறையீடு செய்து தடை வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இ.பி., அதாவது தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு, போடுங்கள். கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பஸ்ஸை ஜப்தி செய்வதை நாம் செய்தியில் பார்க்கிறோமே, அது இந்த வழிதான். பணம் கட்டும் நாள் வரை வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும்.

வார்டுக்கே ஒருவர் வந்து வக்காலத்தில் கையெழுத்து வாங்கிப் போனார். வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு என்கிறார்.

வக்கீல் இழப்பீட்டில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. வந்தவர் வக்கீலே இல்லை, தரகர் என்றால் இன்னும் மோசம். வக்கீலை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குங்கள், தராவிட்டால் தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாவற்றின் அசலையும் அவரிடமிருந்து திரும்ப வாங்குங்கள். வெற்றுத் தாளிலோ வெற்றுச் செக்கிலோ கையெழுத்துப் போட்டிருந்தால் முதலில் பாங்குக்குப் போய் அந்தச் செக்கை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.