எடை தூக்கினால் கை தடித்துவிடுமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் அருகே வசிக்கிறேன். வயது 34, உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ. இரண்டாவது குழந்தை அறுவை சிகிச்சையில் பிறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வயிறும் தொடையும் குறையவே இல்லை. ஒரு ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம் எடைப் பயிற்சி செய்தேன். ஒரு கிலோ கூடியது, ரவிக்கைக் கை இறுக்கமானது. “ஆம்பளை மாதிரி கை வந்துடும்” என்று மாமியார் சொன்னதும் நிறுத்திவிட்டேன். உடல் பெருக்காமல், கொழுப்பு மட்டும் குறைந்து கட்டாக இருக்க எந்தப் பயிற்சிகளைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அந்த மூன்று வாரத்தில் கூடிய ஒரு கிலோ தசை அல்ல, பெரும்பாலும் நீர். பழக்கமில்லாத உழைப்பைச் சந்திக்கும் தசையில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது; அதைச் சரிசெய்யும்போது அந்த இடம் சற்று வீங்குகிறது. அதோடு, பயிற்சிக்குப் பழகும் தசை தன் எரிபொருளான கிளைக்கோஜனை முன்பைவிடக் கூடுதலாகச் சேமிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்து தங்குகிறது. மேலே உள்ள கொழுப்பு இன்னும் கரையாத நிலையில் உள்ளே இருக்கும் தசை சற்றே வீங்கினால், ரவிக்கைக் கை இறுகத்தான் செய்யும். இன்னும் சில வாரங்கள் தொடர்ந்திருந்தால் இந்த வீக்கம் வடிந்திருக்கும். முதல் சில வாரங்களில் பலம் கூடுவதற்குக்கூட முக்கியக் காரணம், நரம்புகள் தசையை நன்றாக இயக்கப் பழகுவதுதானே தவிர, தசை வளர்வது அல்ல.

தசை பெருத்துத் திரள்வதற்கு மூன்று சேர்ந்து வர வேண்டும்: பல ஆண்டுகள் இடைவிடாத கடும் பயிற்சி, செலவழிப்பதைவிட மிகுதியான உணவு, போதிய டெஸ்டோஸ்டிரோன். பெண்களின் உடலில் இந்த ஹார்மோன் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கிறது. நீங்களோ உணவைக் குறைக்க நினைப்பவர். ஆகவே அந்த மூன்றில் இரண்டு உங்களிடம் இல்லை. நம் மாவட்டத்துப் பெண்களையே எண்ணிப் பாருங்கள். 15 லிட்டர் பிடிக்கும் ஒரு நிறைகுடத்தில் நீர் மட்டுமே 15 கிலோ; அப்படி இரண்டு குடங்களை, தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக, பல ஆண்டுகள் தெருக்குழாயிலிருந்து சுமந்த நம் பாட்டிமார்களின் கை பயில்வான் கையாகவா மாறியது? உறுதியாகத்தான் இருந்தது. நீங்கள் விரும்பும் ‘கட்டு’ அதுவே.

‘டோனிங்’ என்ற பெயரில் தனி வகைப் பயிற்சி ஏதும் கிடையாது. தசை தன் அளவைக் காத்துக்கொண்டு, அதன் மேல் படிந்த கொழுப்பு குறைந்தால் உடல் கட்டாகத் தெரியும், அவ்வளவுதான். பெண்களுக்கென்று ஒரு கிலோ டம்பெல்லைக் கொடுத்து முப்பது, நாற்பது முறை ஆட்டச் சொல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. தசை களைக்கும் எல்லைவரை செய்தால் சிறு எடையும் பெரிய எடையும் ஏறக்குறைய ஒரே அளவு தசை வளர்ச்சியையே தருகின்றன. அந்த எல்லையை எட்டாவிட்டால் சிறு எடையால் பெரிய பயன் இல்லை. எடைப் பயிற்சியை அறவே விட்டு, நடையும் பட்டினியுமாக இருப்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. எடைக்கருவி குறைவாகக் காட்டும். கை, தொடை, வயிறு மட்டும் தொளதொளவென்று இருக்கும். உங்கள் விஷயத்தில் நான் உண்மையில் அஞ்சுவது இதற்குத்தான்.

மீண்டும் தொடங்குமுன் இரண்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது வயிற்றுத் தசை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் சற்று உயர்த்தியபடி தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களால் அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, அந்த இடம் கூம்பாகப் புடைத்தாலோ, கர்ப்ப காலத்தில் விலகிய தசை இன்னும் சேரவில்லை என்று பொருள். அப்போது படுத்து எழும் வயிற்றுப் பயிற்சிகளை அறவே தவிர்த்து, இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். அதற்கும் தீர்வு உண்டு.

இரண்டாவது நம் மண்ணுக்கே உரியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களின் நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தத் திட்டம் 2013இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. நீங்கள் இப்பகுதியிலேயே பிறந்து ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர் என்றால், பற்களில் பழுப்புக் கறையும், கழுத்திலோ முதுகிலோ முழங்காலிலோ விடியற்காலை விறைப்பும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே ஸ்கிப்பிங் போன்ற குதிக்கும் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டாலும், இப்போதைய எடையில் முதல் இரண்டு மாதம் குதிக்கும் பயிற்சி தேவையில்லை என்பதே என் கருத்து.

பயிற்சிகளைக் கை, கால், வயிறு என்று உறுப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள். உடலின் அடிப்படை அசைவுகளாகப் பிரித்துத் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்து எழுவது முதல் அசைவு. நாற்காலியின் விளிம்பைத் தொட்டு எழுவதில் தொடங்கி, பழகியதும் ஒரு டம்பெல்லை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட் செய்யுங்கள். அடுத்தது இடுப்பிலிருந்து குனிந்து எழுவது: முதுகை வளைக்காமல், புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, டம்பெல்களைத் தொடையை ஒட்டி இறக்கி ஏற்றும் டெட்லிஃப்ட். பெண்கள் அதிகம் புறக்கணிப்பதும், பின்தொடைக்கும் புட்டத்துக்கும் உறுதி தருவதில் முதன்மையானதும் இதுவே. முதல் சில நாட்கள் கண்ணாடி முன்போ பயிற்றுநரின் கண்காணிப்பிலோ செய்யுங்கள். தள்ளுவதற்குத் தண்டால், முதலில் சுவரில், பிறகு மேசையில், பிறகு தரையில். இழுப்பதற்கு குனிந்து நின்று ஒற்றைக் கையால் டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுக்கும் ரோயிங் அல்லது மேலிருந்து கம்பியை இழுக்கும் கருவி. கடைசியில், இரு கைகளிலும் எடையைப் பிடித்து நிமிர்ந்து முப்பது நாற்பது அடி நடங்கள். குடம் சுமந்த பாட்டியின் பயிற்சி இது. வயிற்றைச் சுற்றியுள்ள தசைகளுக்கு நல்ல வேலை கொடுக்கும்.

வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், நாற்பது நிமிடம் போதும். சுமந்து நடப்பதைத் தவிர மற்ற ஒவ்வொன்றையும் மூன்று செட், செட்டுக்கு 8 முதல் 12 முறை செய்யுங்கள். எடை சரியானதா என்பதற்கு அளவுகோல்: செட்டை முடிக்கும்போது இன்னும் இரண்டு அல்லது மூன்று முறைதான் முடியும் என்று தோன்ற வேண்டும், பத்து முறை முடியும் என்று தோன்றினால் அந்த எடை போதாது. மூன்று செட்டிலும் 12 எளிதாக வரும் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ கூட்டுங்கள்.

எஞ்சிய நாட்களில் வேக நடை. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஏறுவதும் நல்லதே. இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சுமை கூடும் என்பதால் மெதுவாக இறங்குங்கள். வயிற்றுக்கென்று எத்தனை பயிற்சி செய்தாலும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. எங்கே முதலில் குறையும் என்பதை உடல்தான் தீர்மானிக்கும்.

உங்கள் எடையில் அரை மணி நேர வேக நடைக்கு ஏறத்தாழ 130 கிலோகலோரி செலவாகும். 30 கிராம் வறுத்த நிலக்கடலையில் அதைவிட அதிகம் இருக்கிறது. எனவே கொழுப்பைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கே. நாளொன்றுக்கு 300 முதல் 500 கிலோகலோரி குறைத்தால் போதும், பட்டினி வேண்டாம். ராகிக் களி எவ்வளவு சாப்பிட்டாலும் எடை கூடாது என்ற எண்ணம் நம் பகுதியில் ஆழமாக இருக்கிறது. கேழ்வரகில் கால்சியமும் நார்ச்சத்தும் மிகுதி. ஆனால் 100 கிராம் மாவில் 320 கிலோகலோரிக்கு மேல் இருக்கிறது, அரிசியைவிடச் சற்றே குறைவு. புரதமோ ஏழு கிராம்தான். ஆகவே களியை இரண்டு உருண்டையிலிருந்து ஒன்றாகக் குறைத்து, அந்த இடத்தில் கொள்ளு, அவரை, முட்டை, கோழி என்று நிரப்புங்கள். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை நம்பிக் கொள்ளு வேகவைத்த நீரை மட்டும் ரசமாக்கிக் குடிப்பவர்கள் பலர். கொள்ளு கொழுப்பை உருக்குவதில்லை. 100 கிராமில் 22 கிராம் அளவுக்கு இருக்கும் புரதமும், அதன் நார்ச்சத்தும் வயிற்றை நிறைத்துப் பசியைத் தள்ளிப்போடுகின்றன. அந்தப் புரதத்தின் பெரும்பகுதி பருப்பிலேயே தங்கிவிடுவதால் அதைச் சுண்டலாகச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாத பட்சத்தில் நாளொன்றுக்கு 70 முதல் 80 கிராம் புரதம் உங்களுக்கு ஏற்றது.

எடைக்கருவியோடு நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு, தொடை, மேற்கை அளவுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் குறித்து வாருங்கள். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. மாதவிடாயை ஒட்டிய நாட்களில் ஒரு கிலோ கூடிக் குறைவது இயல்பு. அந்த வார அளவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பல மாதங்களுக்குப் பிறகு தோளோ தொடையோ இதற்கு மேல் வேண்டாம் என்று உங்களுக்கே தோன்றினால், பயிற்சியை நிறுத்தாமல் எடை கூட்டுவதை மட்டும் நிறுத்தி, அதே எடையில் வாரம் இரண்டு நாள் தொடருங்கள்; தசை அந்த அளவிலேயே நிற்கும்.