கனிவாகப் பேசியும் குழுவின் மனஅழுத்தம் குறையவில்லையே?

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு நான் மேலாளர். யாரையும் கடிந்து பேசுவதில்லை. ஆனாலும் தூக்கமில்லை, தலைவலி என்று அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள். மனஅழுத்தப் பயிற்சி வகுப்பு ஒருநாள் நடத்தச் சொல்கிறது மனிதவளத் துறை. பலன் தருமா?

பதில்: பெரிதாகத் தராது. மூச்சுப்பயிற்சி முடித்து இருக்கைக்குத் திரும்பினால் அதே வேலைக் குவியல்தானே காத்திருக்கும்? சுமை மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைந்த வேலையில்தான் அழுத்தம் அதிகம் என்று 1979-லேயே பணியிட அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் எழுதிவிட்டார். உங்கள் கனிவு இந்த இரண்டையும் தொட வேண்டும்.

வாரம் ஒருமுறை ஒவ்வொருவருடனும் தனியாக 15 நிமிடம் பேசுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் சார்" என்பதோடு முடிந்துவிடும். "எந்த வேலை எதனால் நிற்கிறது? நான் யாரிடம் பேசணும்?" என்று கேளுங்கள். குறித்துக்கொண்டு இரண்டு நாளுக்குள் பதில் சொல்லுங்கள், முடியாது என்றாலும் சரி. கேட்டுவிட்டு மறந்தால் அடுத்த வாரம் வாயே திறக்க மாட்டார்கள். புது வேலை கொடுக்கும்போது எதைத் தள்ளிவைக்கலாம் என்பதையும் அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர் விஷயம் வேறு. "உங்க இஷ்டப்படி செய்யுங்க" என்பது அனுபவசாலிக்கு மரியாதை. புதியவருக்கோ திக்குத் தெரியாத காடு. எது சரியான வேலை, எந்த அளவு போதும், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் உடன் உட்காருங்கள். வேலை கைவந்த பிறகு, ஒவ்வொரு வேலையாக முடிவை அவரிடம் விடுங்கள்.

'பெயரில்லாக் கருத்துக்கணிப்பு' விற்க வருகிறவர்களிடம் உஷார். எட்டே பேரில் வயதும் பணிக்காலமும் கேட்டால் யார் எழுதியது என்று தெரியாதா? பணியிட மனநலம் பற்றிய சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 45003-க்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். 2021-இல் வெளியான அது வெறும் வழிகாட்டுதல், சான்றிதழுக்கென எழுதப்பட்டதல்ல. அதைப் படித்தாலே தெரியும், வேலைப்பளு, பொறுப்புக் குழப்பம் போன்றவற்றை முதலில் சரிசெய்யச் சொல்கிறது. நிறுவனங்களோ பயிற்சியாளருக்குக் காசோலை எழுதுவார்கள், கெடுவை ஒரு நாள் நகர்த்த மாட்டார்கள். மேலாளரையும் இலக்கு எண்ணை வைத்தே மதிப்பிடுவார்கள்.

எனவே நான்கு வாரக் குறிப்புகளைத் தொகுத்து, எந்த வேலை எத்தனை முறை எதனால் நின்றது என்று ஒரே பக்கத்தில் எழுதி மனிதவளத் துறையிடம் கொடுங்கள். பயிற்சி வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் தற்காலிகமாக ஓர் ஆள் கேளுங்கள்.