பேடு மாற்றியும் பிரேக் இறுகுகிறதா? கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது

"அண்ணே, பாம்பனில் இருந்து தினமும் ராமநாதபுரத்துக்கு பைக்கில் மீன் பெட்டி கொண்டு போகிறேன். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், 125 சிசி. கிளம்பும்போது வண்டி நன்றாக உருளும். உச்சிப்புளி தாண்டினால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி இருக்கிறது. டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் சரியாகிவிடுகிறது. இரண்டு தடவை பேடு மாற்றிவிட்டேன், பலன் இல்லை" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

தம்பி, மூன்றாவது தடவை பேடு வாங்காதீர்கள். தேய்கிறதே தவிர பேடு ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆறியதும் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான துப்பு.

முதலில் எந்தச் சக்கரம் என்று உறுதி செய்யுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் மூன்று நான்கு கிலோமீட்டர் கூடியவரை பிரேக் பிடிக்காமல் ஓட்டி, கியரைக் குறைத்தே நிறுத்தி, டிஸ்க்கிலும் பின் டிரம்மிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சுர்ரென்று சத்தம் வருகிற பக்கம்தான் பிடித்திருக்கிறது. கையை வைத்துப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

முன்பக்கம் என்றால், இறுகி நிற்கும் அந்த நேரத்திலேயே செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது, வண்டி ஆறிய பிறகு செய்தால் பயனில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவரை உட்கார வைத்தால் முன்சக்கரம் தூக்கும். காலிப்பரில், அதாவது பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் பாகத்தில், ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்ன நிப்பிள் இருக்கும், அதில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை பாட்டிலுக்குள் விட்டு, கால் சுற்று மட்டும் திறங்கள், பெரும்பாலும் 8ஆம் நம்பர் ஸ்பானர்தான். ஆயில் சீறிக்கொண்டு வந்து சக்கரம் உடனே லேசாகிவிட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே அடைபட்டிருந்தது என்று அர்த்தம், கோளாறு மேலே லிவருக்குப் பக்கத்தில் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலோ, அங்கிருந்து காலிப்பருக்கு வரும் ஹோஸிலோ. திறந்த பிறகும் சக்கரம் அசைய மறுத்தால் கோளாறு காலிப்பருக்குள். நிப்பிள் உப்பு பூத்து இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள், முறிந்துவிடும், துரு இளக்கும் ஆயில் விட்டு ஒரு இரவு ஊற விடுங்கள்.

உங்கள் வண்டிக்கு என் முதல் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர்தான். அதில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை உண்டு. ஆயில் சூடாகி விரியும்போது அந்தத் துளை வழியாகத்தான் மேலே உள்ள ஆயில் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். அடைத்திருந்தால் விரிந்த ஆயில் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும், பேடு உரசும், இன்னும் சூடாகும், இன்னும் இறுகும், ஆறினால் விட்டுவிடும். நீங்கள் சொன்ன கதை அப்படியே இதுதான். டப்பா மூடியைத் திறந்து லிவரை மெதுவாக, கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள். ஆயிலின் மேல் ஒரு சின்னக் கொப்பளிப்பு தெரிந்தால் துளை திறந்திருக்கிறது, தெரியாவிட்டால் அடைத்திருக்கிறது. லிவருக்கு இயல்பான ஆட்டம் கொஞ்சமும் இல்லாமல், வளைந்தோ வெளியில் வாங்கி மாட்டியதாகவோ இருந்தாலும் இதே விளைவுதான், ஏனென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல் அந்தத் துளையை மூடியபடியே நிற்கும்.

துளை ஏன் அடைகிறது? பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை, அந்த ஈரத்தால் உள்ளே சேரும் கசடுதான் துளையை அடைக்கிறது. புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும், உங்களுடையது டீ டிகாஷன் நிறத்தில் இருந்தால் மாற்றும் காலம் கடந்துவிட்டது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வார்கள், பாம்பன் பாலத்தில் தினமும் போகிற வண்டிக்கு நான் வருடம் ஒரு தடவை என்பேன். ஆயில் டாட் 3 ரகமா டாட் 4 ரகமா என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள்.

காலிப்பர்தான் என்றால் பெரும்பாலும் காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்தான் காரணம். போன மாதம் தேவிபட்டினத்தில் இருந்து வந்த ஒரு வண்டியில் அந்தப் பின்னை உருவியபோது அதை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் வெள்ளை உப்பும் பழுப்புத் துருவும்தான் இருந்தது, அந்த ஸ்லைடு பின் விரலால் தள்ளினால் நகரவே இல்லை. எமரி பேப்பர் போட்டு, பூட்டை மாற்றி, பிரேக்குக்கு உரிய சிலிக்கான் கிரீஸ் தடவியதும் முடிந்தது. சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும். பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் சீலோடு மாற்றத்தான் வேண்டும், டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல, அந்த ரப்பர் சீல்தான். எந்த வேலை செய்தாலும் ஆயிலுக்குள் புகுந்த காற்றை நிப்பிள் வழியாக எடுத்து, லிவர் கெட்டியாகும் வரை பலமுறை அடித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.

பின்பக்கம் சூடாகிறது என்றால் சங்கதி எளிது. செயின் டைட் செய்யும்போது சக்கரம் பின்னால் போகும், பிரேக் ராடு இறுகிவிடும், நட்டைத் தளர்த்தி பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் வையுங்கள். அப்படியும் பெடல் சோம்பலாகத் திரும்பினால் டிரம்முக்குள் பிரேக் ஷூவை விரிக்கும் கேமும் பெடல் சுழலும் முளையும் துருவேறியிருக்கும். இன்னொன்று, 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லாவிட்டால், இரு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் கட்டாயம் இருக்கும், பின் பெடலை மிதித்தால் முன்பிரேக்கும் பிடிக்கும். மிதித்துக் காலை எடுத்த பிறகும் முன்சக்கரம் டைட்டாகவே இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கிறது என்றால் இரண்டையும் இணைக்கும் கேபிளில் துரு.

உங்கள் மீன் பெட்டியையும் ஒரு தடவை பாருங்கள் தம்பி. ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் வடிகிற துளை பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருந்தால், ஒரு டியூப் மாட்டி சக்கரத்துக்கு எட்டாத தூரத்தில் கீழே விடுங்கள். வீட்டுக்குப் போனதும் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், டீசல் அடித்துக் கழுவ யாரையும் விடாதீர்கள், பேடும் ரப்பரும் சேர்ந்தே போய்விடும்.