காலைக் கூட்டத்தில் நிற்கும்போது பிள்ளை அடிக்கடி மயங்கி விழுகிறாள். தடுக்க உடலால் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். ஆனால் மயக்கம் வரப்போவது பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கண் இருட்டும், காது அடைக்கும், வியர்க்கும், வயிற்றைப் பிரட்டும். அந்தச் சில நொடிகள்தான் அவகாசம்.

பாடசாலைக் கூட்டமோ நல்லூர்த் திருவிழா நெரிசலோ, அசையாமல் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கும். சில பிள்ளைகளுக்கு அப்போது இதயத் துடிப்பு மந்தமாகி, இரத்தக் குழாய்களும் தளர்ந்து, மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும். தசைகளை இறுக்கினால் தேங்கிய இரத்தம் மேலேறும், அழுத்தமும் உயரும்.

எனக்குப் பிடித்தது கால் பின்னல். நின்றபடியே ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து, தொடை, பிட்டம், வயிறு மூன்றையும் இறுக்க வேண்டும். வரிசையில் யாருக்கும் தெரியாது, வளர்ந்த பிள்ளைகளுக்கு அது முக்கியம்! விரல்களைக் கொக்கிபோல் கோத்து இரு பக்கமும் இழுக்கலாம். குந்தி இருப்பது இன்னும் வலுவானது, ஆனால் சட்டென்று எழும்பக் கூடாது. மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். வீட்டில் பழக்கிவிடுங்கள். தண்ணீர் குடித்து, சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

தலைச்சுற்று நிற்கவில்லையா? வெட்கப்படாமல் படுத்துக் காலை உயர்த்தட்டும்.

ஓடி விளையாடும்போது மயங்கி விழுந்தால், அறிகுறியே இல்லாமல் விழுந்தால், நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், இந்தப் பயிற்சிகளை நம்பி இருக்காதீர்கள். உடனே வைத்தியரிடம் காட்டி ஈசிஜி எடுங்கள்.