சென்சார் பொறி வந்தா மருந்து வேண்டாமா?

கேள்வி: சார், பர்கூர் பக்கம் 3 ஏக்கர் மா, பெங்களூராவும் செந்தூராவும். போன வருஷம் பழ ஈ விழுந்து காய்ல பாதி போச்சு. இப்ப ஒருத்தர் வந்து சென்சார் பொறி மாட்டுங்க, எத்தனை ஈ விழுதுன்னு போனுக்கே வந்துடும், மருந்தே வேண்டாம்ங்கறார். வாங்கலாமா?

பதில்: போனுக்கு வரும்ங்கறது நிஜம்தான். மருந்தே வேண்டாம்ங்கறத மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க. உள்ள இருக்கறது நம்ம பழைய மெத்தில் யூஜினால்ங்கற வாசனை மருந்துல ஊறின மரக்கட்டைதான், அந்த வாசனைக்கு வர்றது ஆண் ஈ, காயைக் குத்தி முட்டை வைக்கறது பெண் ஈ. விழுந்தத எண்ணறதுக்கு கேமராவோ இன்ஃப்ராரெட் சென்சாரோ வச்சு, சோலார்ல ஓடவிட்டு, சிம் வழியா அனுப்பறாங்க, அவ்வளவுதான்.

ஆனா அந்த எண்ணிக்கை பெரிய விஷயம்ங்க. வாரம் ஒருதரம் டப்பாவைத் திறந்து பாக்கறதுக்குள்ள ஈ பெருகிடும், வெயில் காலத்துல முட்டைல இருந்து ஈயாக மூணு வாரம் போல போதும். தினமும் பாத்தா எண்ணிக்கை ஏறுற அன்னிக்கே வேலையில இறங்கிடலாம். கீழ விழுந்த ஒரு பழத்தைப் பிளந்து பாருங்க, வெள்ளைப் புழு வளைஞ்சு துள்ளும், அதுதான் மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழுவாகி திரும்ப ஈயா வருது. அதனால விழுந்த பழத்தை வரப்புல குவிக்காம அன்னன்னிக்கே பொறுக்கி ஆழமா புதைங்க, மரத்தடி மண்ணைக் கிளறி விடுங்க, வெல்லம் கலந்த விஷ இரை வைங்க. இதெல்லாம் செய்யலன்னா போன்ல நம்பர் வந்து என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு, 0ன்னு வந்தா ஈ இல்லன்னு இருந்துடாதீங்க. கட்டை காஞ்சிருக்கும், வாய்ல சிலந்தி வலை கட்டிருக்கும், செத்த ஈயை எறும்பு இழுத்துட்டுப் போயிருக்கும். நேர்ல போய் ஒருதரம் பாத்துடுங்க.

என்னைக் கேட்டா முதல்ல ஏக்கருக்கு 4லிருந்து 6 சாதாரண பொறி கட்டுங்க. சென்சார் பொறிய அக்கம்பக்கத்து தோட்டக்காரங்க சேர்ந்து ஒண்ணு வாங்கிக்கலாம், ஈக்கு வேலி தெரியாதே. ஏற்றுமதிக்குக் குடுக்கறவங்களுக்கு இன்னும் அவசியம், 2014 மே மாசம் ஐரோப்பிய யூனியன் நம்ம மாம்பழத்தை நிறுத்தினதுக்கு இந்த ஈதான் காரணம், தடையை எடுக்க 2015 ஜனவரி ஆச்சு.

கேள்வி: ஒட்டன்சத்திரத்துல பாகல் பந்தல் போட்டிருக்கேன், மாவுக்கு வச்ச பொறியை அப்படியே இங்க மாட்டலாமா?

பதில்: மாட்டாதீங்கம்மா. பாகல், பீர்க்கு, புடலைக்கு வர்ற ஈ வேற, அது மெத்தில் யூஜினாலுக்கு வராது. அந்த ஈயை இழுக்கற வாசனை மருந்து க்யூ லூர், அதைக் கேட்டு வாங்குங்க, பொறி அதேதான், உள்ள இருக்கற கட்டையை மட்டும் மாத்தணும்.